தெரிந்த பிறகு அது யாருடைய தவறு?

திடலில் இறங்கி விளையாடும் எல்லாருக்கும் ஒரு வசனம் மனப்பாடம். "ரெஃப்ரி கொடுத்தா வாங்கிக்கணும், அவ்வளவுதான்." நமக்குப் பாதகமாக விசில் அடித்தால் அன்றைக்குப் பூராவும் நடுவரைத் திட்டித் தீர்ப்போம். சாதகமாக அடித்துவிட்டாலோ சத்தமே வராது. பேசாமல் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவோம். யாராவது கேட்டால் பதிலும் தயாராக இருக்கும்: "தப்பு பண்ணது அவரு. நான் யாரையும் ஏமாத்தலையே!"

இந்தப் பதில் சரியா? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் திடலோடு நின்றுவிடும் கேள்வி இல்லை. அடுத்தவர் செய்த தவறால் நமக்கு ஒரு லாபம் வருகிறது. நாம் திருடவில்லை, பொய் சொல்லவில்லை, கையைக்கூட நீட்டவில்லை. அந்த லாபம் நம்முடையதா?

இதற்கு வெறும் உபதேசமாகப் பதில் சொல்வதைவிட, உண்மையில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். 1940-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகக் குழுவுக்கு இதே கேள்வி வந்தது. அவர்கள் விளையாடியது அமெரிக்கக் காற்பந்து. அந்த ஆட்டம் நம்மில் பலருக்குப் பழக்கமில்லாதது. அதனால் முதலில் அதன் கணக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

நான்கே நான்கு வாய்ப்பு

ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். முட்டை வடிவப் பந்து. அதைக் கையில் பிடித்து ஓடலாம், முன்னால் இருக்கும் தோழருக்கு எறியலாம். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டு சேர்த்தால் 'டச் டவுன்'. அதற்கு ஆறு புள்ளி. தொடர்ந்து ஓர் உதை. அது சரியாகப் போனால் இன்னும் ஒன்று. தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவில் உதைத்துவிட்டால் மூன்று புள்ளி.

பந்து கையில் இருக்கிறது என்பதற்காக ஓர் அணி முடிவில்லாமல் முட்டி மோதிக்கொண்டிருக்க முடியாது. பத்து யார்டு முன்னேற அவர்களுக்கு நான்கு முயற்சிகள்தான். ஒவ்வொரு முயற்சிக்கும் 'டவுன்' என்று பெயர். நான்கு டவுனுக்குள் பத்து யார்டோ கோடோ எட்டவில்லை என்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

செப்பாக் தக்ராவில் ஓர் அணி மூன்று முறைதான் பந்தைத் தொடலாம், அதற்குள் வலைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட வேண்டும் இல்லையா? நான்காவது முறை தொட்டு அடித்த பந்துக்குப் புள்ளி கொடுத்தால் எப்படி இருக்கும்! அமெரிக்கக் காற்பந்தில் ஐந்தாவது டவுன் என்பதும் அப்படித்தான். நடுவர் தூரத்தைத் தப்பாகக் கணிக்கலாம், தள்ளியதைப் பார்க்காமல் விடலாம். அதெல்லாம் பார்வைக் கோளாறு. நான்கா ஐந்தா என்பது வெறும் எண்ணிக்கை. அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை.

ஒரு பெரிய குழு, ஒரு பெரிய ஆண்டு

நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரில் இருக்கிறது கோர்னெல் பல்கலைக்கழகம். பயிற்றுநர் கார்ல் ஸ்னேவ்லியின் கீழ் அதன் குழு 1939-இல் எட்டு ஆட்டங்களையும் வென்றது. 1940-இல் இன்னும் வேகம். இராணுவக் கல்லூரிக் குழுவை 45–0 என்று வென்றார்கள். பலம் பொருந்திய ஒஹாயோ ஸ்டேட்டை 21–7. யேல் பல்கலைக்கழகத்தை 21–0. முதல் ஆறு ஆட்டங்களிலும் வெற்றி. முந்தைய ஆண்டுகளையும் சேர்த்தால் 18 ஆட்டங்களாகத் தோல்வியே இல்லை. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வாராவாரம் வெளியிட்ட தேசியத் தரப்பட்டியலில் பல வாரம் முதலிடத்தில் இருந்த குழு, நவம்பர் நடுவில் இரண்டாம் இடத்தில் இருந்தது. தேசிய வெற்றியாளர் என்ற பெயர் எட்டிவிடும் தூரத்தில்தான் இருந்தது.

நவம்பர் 16, சனிக்கிழமை. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹானோவரில் டார்ட்மத் கல்லூரியோடு ஆட்டம். டார்ட்மத் அந்த ஆண்டு சுமார்தான். மூன்று வெற்றி, நான்கு தோல்வி. "இதெல்லாம் ஓர் ஆட்டமா?" என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். ஆனால் ஏர்ல் பிளேக்கின் பயிற்சியில் வந்த அந்தப் பிள்ளைகள் கோர்னெலை அசையவிடவில்லை. நான்காம் கால்பகுதியில் ஓர் உதையில் மூன்று புள்ளியும் எடுத்துவிட்டார்கள். 3–0.

கடைசி நிமிடங்கள். கோர்னெல் உயிரைக் கொடுத்து முன்னேறி, டார்ட்மத் கோட்டுக்கு ஏறத்தாழ ஆறு யார்டு தூரத்துக்கு வந்துவிட்டது. இனி நான்கு வாய்ப்பு. முதல் டவுன், ஓட்டம், கொஞ்சம் முன்னேற்றம். இரண்டாவது, இன்னும் கொஞ்சம். மூன்றாவதில் கோட்டுக்கு ஒரு யார்டுகூட இல்லாத இடம். அந்த நேரத்தில் ஆட்டத்தைத் தாமதித்ததற்காகக் கோர்னெலுக்கு ஓர் அபராதம். பந்து சில யார்டு பின்னால் போனது. நான்காவது டவுனில் எறிந்த பந்தை டார்ட்மத் ஆட்டக்காரர் தட்டிவிட்டார். பந்து தரையில் விழுந்தது.

முறைப்படி பார்த்தால் கதை அங்கே முடிந்துவிட்டது. பந்து டார்ட்மத்துக்குப் போயிருக்க வேண்டும். மீதி இருந்த சில விநாடிகளை ஓட்டிவிட்டு அவர்கள் வென்றிருப்பார்கள். ஆனால் அபராதம், கூச்சல், அவசரம் எல்லாம் சேர்ந்து தலைமை நடுவர் ரெட் ஃபிரீசலின் எண்ணிக்கை குழம்பிவிட்டது. அனுபவம் மிகுந்த நடுவர்தான் அவர். கோர்னெலுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது என்று பந்தை வைத்துவிட்டார். வால்ட் ஷோல் எறிந்தார், பில் மர்ஃபி பிடித்தார். டச் டவுன். அடுத்த உதையும் சரி. 7–3. கோர்னெல் வென்றது.

திங்கட்கிழமை வந்த தந்தி

ஆட்டம் முடிந்ததுமே பேச்சுக் கிளம்பிவிட்டது. "ஐந்து தடவை ஆடினாங்களே!" என்று ஒரு பக்கம். "இல்லப்பா, நடுவுல ஓர் அபராதம் வந்துச்சு, அதுல ஒரு டவுன் கழிஞ்சிருக்கும்" என்று மறுபக்கம். கோர்னெல் தரப்பில் பலர் தங்களுக்கு நியாயமாகத்தான் அந்த வாய்ப்பு கிடைத்தது என்று உண்மையிலேயே நம்பினார்கள்.

இன்றைக்குப் போல உடனே திருப்பிப் போட்டுப் பார்க்கும் வசதி அன்றைக்கு இல்லை. ஆனால் ஆட்டத்தைப் படமெடுத்த சுருள் இருந்தது. கோர்னெல் தரப்பு அதைப் போட்டு ஒவ்வொரு டவுனாக எண்ணிப் பார்த்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. சந்தேகத்துக்கு இடமில்லை.

இந்த இடத்தில்தான் நம் கேள்வி ஆரம்பிக்கிறது. அன்றைய நிலையை யோசித்துப் பாருங்கள். ஆட்டம் முடிந்த பிறகு முடிவை மாற்றும் அதிகாரம் நடுவருக்கு இல்லை. போட்டிகளைக் கண்காணித்த அமைப்புக்கும் இல்லை. டார்ட்மத் என்னதான் புலம்பினாலும் "தோத்ததைத் தாங்க முடியாம பேசுறாங்க" என்றுதான் ஊர் சொல்லும். ஆக, அந்தத் தவறைச் சரிசெய்யக்கூடிய ஒரே ஆள் யார்? அதனால் லாபம் அடைந்தவர் மட்டும்தான். விதி முழுக்க அவர் பக்கம். கட்டாயப்படுத்த யாருமில்லை.

திங்கட்கிழமை கோர்னெலிலிருந்து டார்ட்மத்துக்குத் தந்தி போனது. வெற்றிக்கான உரிமையை விட்டுக்கொடுக்கிறோம், உங்களுக்கு வாழ்த்துகள் என்பது அதன் சாரம். அந்த முடிவின் பின்னால் பல்கலைக்கழகத் தலைவர் எட்மண்ட் எஸ்ரா டே இருந்தார், விளையாட்டுத் துறையினர் இருந்தார்கள், பயிற்றுநர் ஸ்னேவ்லியும் இருந்தார். டார்ட்மத் அதை ஏற்றுக்கொண்டது. பதிவேட்டில் ஆட்டத்தின் முடிவு டார்ட்மத் 3, கோர்னெல் 0 என்று மாறியது. நடுவர் ஃபிரீசலும் ஓடி ஒளியவில்லை. தவறு தன்னுடையது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

பலன் என்ன கிடைத்தது?

"நல்லது செய்தால் நல்லதே நடக்கும்" என்று சொல்லி இங்கேயே முடித்துவிடலாம். கதைப்புத்தகமாக இருந்தால் அடுத்த ஆட்டத்தில் கோர்னெல் ஜெயித்து, தேசிய வெற்றியாளராகி, எல்லாரும் கைதட்டியிருப்பார்கள். நடந்தது வேறு. அடுத்த ஆட்டத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 22–20 என்று தோற்றார்கள். அதுவே அந்த ஆண்டின் கடைசி ஆட்டம். ஆறு வெற்றி, இரண்டு தோல்வி. உச்சியில் இருந்த குழு தரப்பட்டியலில் மளமளவென்று சரிந்தது.

இதைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையைப் பற்றியே நேர்மையில்லாமல் பேசியதாகிவிடும். சரியானதைச் செய்தவருக்கு உடனே பரிசு கிடைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பரிசு கிடைக்கும் என்று தெரிந்து செய்தால் அது முதலீடு. கோர்னெல் திங்கட்கிழமை அந்தத் தந்தியை அனுப்பியபோது அவர்களுக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். 18 ஆட்டமாகக் கட்டிக் காத்த பெயர் இதோடு போகிறது.

அப்படியானால் ஏன் கொடுக்க வேண்டும்? எதிர்வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். சும்மா தள்ளிவிடக்கூடிய வாதங்கள் இல்லை இவை.

முதல் வாதம்: "ஓர் ஆட்டத்தில் நடுவர் எத்தனையோ தவறு செய்கிறார். இரண்டு பக்கமும் நஷ்டப்படுகிறது. ஒன்றை மட்டும் பிடித்துத் திருத்துவது என்ன நியாயம்?" ஓரளவு உண்மை. ஆனால் முதல் கால்பகுதியில் கவனிக்காமல் விட்ட ஒரு தள்ளுமுள்ளு ஆட்டத்தை எந்தப் பக்கம் திருப்பியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இங்கே அப்படியா? இல்லாத ஒரு டவுனில்தான் அந்த டச் டவுனே வந்தது. அந்த டவுனை எடுத்துவிட்டால் கோர்னெலின் ஏழு புள்ளியும் போய்விடும்.

இரண்டாவது வாதம்: "முடிவு என்றால் முடிவுதான். எல்லா முடிவையும் திங்கட்கிழமை திறந்து பார்த்தால் எந்த ஆட்டம்தான் முடியும்?" இது கனமான வாதம். விளையாட்டுக்கு மட்டுமில்லை, நீதிமன்றத்துக்கும் தேர்தலுக்கும்கூட ஏதோ ஓர் இடத்தில் முற்றுப்புள்ளி வேண்டும். ஆனால் அந்த விதி யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று கவனியுங்கள். தோற்றவர் திரும்பத் திரும்ப வந்து கேட்கக் கூடாது, அதிகாரி இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். வென்றவர் தானே முன்வந்து "இது எங்களுடையது இல்லை" என்று சொல்வதை எந்த விதியும் தடுக்கவில்லை. 'வைத்துக்கொள்ளலாம்' என்று விதி சொன்னது. 'வைத்துக்கொள்ள வேண்டும்' என்று சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளியில்தான் அறம் குடியிருக்கிறது.

மூன்றாவது வாதம்தான் மனத்தை அதிகம் தைக்கிறது: "சேற்றிலும் குளிரிலும் அடிபட்டு உதைபட்டு விளையாடியது பிள்ளைகள். அவர்கள் வெற்றியைக் கொடுக்க ஆபீசில் உட்கார்ந்திருக்கும் தலைவர் யார்?" இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அடுத்தவர் பொருளைத் தானம் செய்து நல்ல பெயர் வாங்குவது நேர்மை ஆகாது. ஆனால் இங்கே கொடுக்கப்பட்டது எது? பிள்ளைகளின் உழைப்பு அவர்களிடமே இருந்தது. நான்கு டவுன் வரை அவர்கள் முட்டி மோதியதை எந்தத் தந்தியாலும் அழிக்க முடியாது. திருப்பிக் கொடுத்தது அவர்கள் உழைப்புக்கு மேல் தவறுதலாக வந்து விழுந்த ஒன்றை மட்டும்தான். இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்குத் திடலில் இன்னும் பதினொரு பேர் அடிபட்டார்கள். பலம் குறைந்த குழுவாக வந்து, நாட்டின் இரண்டாம் நிலைக் குழுவை நான்கு டவுனும் கோட்டில் நிறுத்திவைத்தார்கள். தோற்றவர் கணக்கில் எழுதப்பட்ட அந்த உழைப்புக்கு யார் பதில் சொல்வது?

தவறு கைமாறும் நேரம்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். "தப்பு பண்ணது அவரு, நான் இல்லை."

சனிக்கிழமை இது முழுக்க உண்மை. தவறு ஃபிரீசலுடையது. ஷோலும் மர்ஃபியும் நடுவர் வைத்த பந்தை ஆடினார்கள், அவ்வளவுதான். அவர்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். சந்தேகம் இருந்தது, உண்மை தெரியாது.

படச்சுருளைப் பார்த்த பிறகு நிலைமை மாறிவிட்டது. அதற்கு மேல் கோர்னெல் பேசாமல் இருந்திருந்தால், அந்த மௌனத்துக்கும் ஃபிரீசலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது கோர்னெலின் சொந்தச் செயல். தவறு அந்த நிமிடத்தில் கைமாறிவிடுகிறது. தெரியாதவரை அது செய்தவருடையது. தெரிந்த பிறகு அது வைத்துக்கொள்பவருடையது. கடையில் மீதிக் காசு ஐம்பது ரிங்கிட் கூடுதலாக வந்ததை வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்க்கும்வரை தவறு கல்லாவில் இருந்தவருடையது. எண்ணிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்தால்?

இதில் இன்னும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "அப்போ தெரிஞ்சுக்காமலே இருந்துட்டா போச்சு!" என்று ஒரு தம்பி சிரித்துக்கொண்டே கேட்கலாம். கோர்னெல் அப்படியும் செய்திருக்கலாம். ஆட்டம் முடிந்தது, சுருளைப் பெட்டியில் போட்டுப் பூட்டு, அடுத்த ஆட்டத்தைப் பார். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் தந்தி அனுப்பியதைவிட, உட்கார்ந்து அந்தச் சுருளை எண்ணிப் பார்த்ததுதான் பெரிய செயல். உண்மை தெரிந்த பிறகு சரியாக நடப்பதற்குத் தைரியம் வேண்டும். தனக்கு நஷ்டம் தரக்கூடிய உண்மையைத் தேடிப்போய்ப் பார்ப்பதற்கு அதைவிட அதிகம் வேண்டும். மதிப்பெண் குறைந்தால் உடனே மறுபடியும் கூட்டிப் பார்க்கிறோம். எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வந்தால் எத்தனை பேர் கூட்டிப் பார்க்கிறோம்?

ஐம்பது ஆண்டுக்குப் பிறகு

இதே தவறு மறுபடியும் நடந்தது. 1990 அக்டோபர் 6, மிசூரி மாநிலம் கொலம்பியா நகரம். மிசூரி பல்கலைக்கழகமும் கொலராடோ பல்கலைக்கழகமும் மோதின. கடைசி விநாடிகளில் மிசூரி 31–27 என்று முன்னிலை. கொலராடோ கோட்டுக்கு அருகில் வந்துவிட்டது. நடுவில் டவுன் எண்ணைக் காட்டும் பலகையை மாற்ற மறந்துவிட்டார்கள். நடுவர் குழுவும் கவனிக்கவில்லை. ஐந்தாவது டவுனில் சார்ல்ஸ் ஜான்சன் கோட்டைத் தாண்ட, கொலராடோ 33–31 என்று வென்றது.

கொலராடோவுக்காகப் பேசவும் ஒரு நியாயம் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். உண்மையான நான்காவது டவுனில் ஜான்சன் வேண்டுமென்றே பந்தைத் தரையில் அடித்தார். கடிகாரத்தை நிறுத்துவதற்காக அப்படிச் செய்வார்கள். ஆனால் அதில் ஒரு டவுன் கழிந்துவிடும். பலகை 'மூன்று' என்று காட்டியதால், இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று நம்பித்தான் செய்தார். எண்ணிக்கை சரியாக இருந்திருந்தால் அந்த டவுனில் கோட்டை நோக்கிப் பாய்ந்திருப்பார்கள், ஒருவேளை தாண்டியும் இருப்பார்கள். ஆகவே கோர்னெலுக்குக் கிடைத்த தெளிவு கொலராடோவுக்கு இல்லை. 1940-இல் யார் வென்றிருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. 1990-இல் உறுதியாகச் சொல்லக்கூடியது, கொலராடோ வென்ற அந்த டவுன் விதியில் இல்லாதது என்பது மட்டும்தான்.

அந்த வட்டார அமைப்பு நடுவர் குழுவை இடைநீக்கம் செய்தது. ஆனால் முடிவை மாற்றவில்லை; விதி இடம் தரவில்லை. கொலராடோவின் பயிற்றுநர் பில் மெக்கார்ட்னி வெற்றியை விட்டுக்கொடுக்க மறுத்தார். திடலின் தரை வழுக்கியது, அதில் ஒழுங்காக விளையாடவே முடியவில்லை என்று குறை சொன்னார். அவரே ஒரு காலத்தில் மிசூரிக்கு விளையாடியவர்! அந்த ஆண்டு கொலராடோ பதினொரு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமநிலையோடு முடித்தது. ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில் நோட்டர் டேமை 10–9 என்று வென்று அசோசியேட்டட் பிரஸ் பட்டியலில் தேசிய வெற்றியாளரானது. பயிற்றுநர்களின் பட்டியலில் முதலிடம் ஜார்ஜியா டெக்குக்குப் போனது.

கோர்னெல் கொடுத்தது, மேலே போகவில்லை. கொலராடோ வைத்துக்கொண்டது, பட்டமும் வந்தது. லாப நஷ்டக் கணக்கு மட்டும் பார்த்தால் கொலராடோதான் புத்திசாலி. ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. பட்டத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஐந்தாவது டவுனும் கூடவே வந்தது. மெக்கார்ட்னி ஓய்வு பெற்று, 1998-இல் அந்தச் சம்பவத்துக்காக வருந்துவதாக வெளிப்படையாகச் சொன்னார். எட்டு ஆண்டு. கோர்னெல் இரண்டு நாளில் இறக்கிவைத்த சுமையை இறக்க அவருக்கு அவ்வளவு காலம் ஆனது. அவரை ஏளனம் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. பிந்தியாவது சொன்னாரே, அதுவும் எல்லாராலும் முடிவதில்லை. ஆனால் பிந்திச் சொல்லும்போது கொடுப்பதற்குக் கையில் எதுவும் மிச்சமிருக்காது. வருத்தம் மட்டும்தான் இருக்கும். மிசூரியின் பிள்ளைகள் அதற்குள் படித்து முடித்துப் போய்விட்டார்கள்.

நம் கைக்கு வரும்போது

தேசியப் பட்டம் நம்மில் பலர் கைக்கு வரப்போவதில்லை. ஆனால் ஐந்தாவது டவுன் எல்லாருக்கும் வரும். ஒரு பேச்சுப் போட்டி என்று வைத்துக்கொள்வோம். கோப்பை வாங்கிப் படமும் எடுத்தாயிற்று. பிறகு மதிப்பெண் தாள் கைக்கு வருகிறது. நீதிபதி கூட்டலில் பத்து மதிப்பெண்ணைக் கூடுதலாகப் போட்டிருக்கிறார். 'நீதிபதிகளின் முடிவே இறுதியானது' என்று விதிமுறையில் அச்சடித்தே இருக்கிறது. இரண்டாவதாக வந்த பிள்ளைக்கு விஷயமே தெரியாது. அல்லது, நான்கு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரைக்கு நம் பெயர் மட்டும் பெரிதாக வந்துவிடுகிறது. அல்லது, சம்பளத்தில் இரண்டு நாள் கூடுதலாக விழுந்துவிடுகிறது. நாம் எதையும் செய்யவில்லை. அது தானாக வந்தது.

அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இது கருத்து வேறுபாடா, எண்ணிக்கைத் தவறா? நடுவரின் கணிப்பு நமக்குச் சாதகமாகப் போனது என்பதற்காக ஒவ்வொரு முடிவையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அது ஆட்டத்தையே குழப்பிவிடும். இரண்டாவது, இதனால் இழந்தவர் என்று ஒருவர் இருக்கிறாரா? இருந்தால் அவர் முகத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, இதைச் சரிசெய்ய என்னைத் தவிர வேறு யாரும் இருக்கிறார்களா? இல்லை என்றால் பொறுப்பு நம் வாசலில் வந்து நிற்கிறது.

குழுவாக இருக்கும்போது இது இன்னும் சிக்கல். "நீ நல்லவன்னு பேர் வாங்க எங்க கோப்பைய ஏன்டா கொடுக்கிற?" என்று கூட இருப்பவர்களே கேட்பார்கள். அவர்களை மீறி இரகசியமாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் சரியில்லை. மதிப்பெண் தாளை நடுவில் வைத்து, எல்லாரையும் உட்காரவைத்து, "வாங்க, ஒருமுறை சேர்ந்து கூட்டிப் பார்க்கலாம்" என்று சொல்வதுதான் தலைமைக்கு அழகு. எல்லாரும் சேர்ந்து எண்ணிய பிறகு 'தெரியாது' என்று சொல்ல யாராலும் முடியாது. அதற்குப் பிறகு வரும் முடிவு ஒருவருடைய பெருமையாக இருக்காது, குழுவின் முடிவாக இருக்கும்.

கொடுத்தால் நம்மைக் கொண்டாடுவார்கள் என்று எண்ணிக் கொடுக்காதீர்கள். சிலர் பாராட்டலாம், சிலர் "பிழைக்கத் தெரியாத ஆளு" என்று சிரிக்கலாம். அடுத்த ஆட்டத்தில் தோற்கவும் செய்யலாம். கோர்னெல் தோற்றதே! ஆனால் பென்சில்வேனியாவோடு அவர்கள் திடலில் இறங்கியபோது கையில் இருந்த ஆறு வெற்றியும் முழுக்க முழுக்க அவர்களுடையது. ஒவ்வொன்றையும் யார் எத்தனை முறை எண்ணினாலும் ஆறுதான் வரும்.